அலை ஓய்ந்த பிறகா தலை முழுகுவது?

"கதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை சார். ஆனால் நேரம் எங்கே கிடைக்கிறது?" தில்லியில் இந்தப் பேச்சைக் கேட்காத தமிழ்க் குடும்பம் இருக்காது. காலையில் மெட்ரோ, மாலையில் பிள்ளைகளின் பாடம், செவ்வாய்க்கிழமை மலைமந்திர், ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து வந்த விருந்தாளி. இதற்கு நடுவே பேனாவை எங்கே எடுப்பது? ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுகிறோம். அலை ஓய்ந்த பிறகு கடலில் தலை முழுகலாம் என்று கரையில் நின்றவன் கதைதான் இது.

உத்தியோகம், குடித்தனம், தெய்வ நம்பிக்கை, கதை எழுத்து எல்லாவற்றையும் ஒருவரே தூக்கிச் சுமக்க முடியுமா? முடியும் என்பதற்குத் தமிழில் சாட்சி நிறைய இருக்கிறது. அவர்களில் சிலர் நாம் நடக்கும் இதே தில்லித் தெருக்களில் நடந்தவர்கள். அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள், அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியது என்ன என்பதை எனக்குத் தெரிந்த அளவில் விளக்கப் பார்க்கிறேன்.

முதல் நாவலே முன்சீப் எழுதியது

தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் அச்சேறியது. எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889). அவர் முழுநேர எழுத்தாளர் அல்ல; மாவட்ட முன்சீப். பகல் முழுவதும் வரப்புத் தகராறும் கடன் பத்திரமும் பார்க்கிற வேலை. அந்த வேலை பார்த்தவர்தான் நாவல் எழுதினார், 'நீதிநூல்' எழுதினார், மேல் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிப் புத்தகமாகவும் வெளியிட்டார். கத்தோலிக்கக் கிறிஸ்தவரான அவர் இயற்றிய கீர்த்தனைத் தொகுப்புக்கு வைத்த பெயர் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'. ஆக, உத்தியோகம், பக்தி, கதை மூன்றையும் ஒரே ஆள் செய்வது தமிழ் நாவலின் பிறப்பிலேயே இருக்கிறது. இடையில் வந்த புதுப் பழக்கம் அல்ல.

அடுத்து வை.மு. கோதைநாயகி அம்மாள் (1901-1960). பால்ய விவாகம் ஆகிப் புகுந்த வீடு வந்தவர். வைணவக் குடும்பம், பெரிய சமையற்கட்டு. முதலில் அவருக்குத் தமிழ் சரளமாக எழுத வராது. 'இந்திர மோகனா' என்ற தம் முதல் நாடகத்தை வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதினார். 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தத் தொடங்கினார். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார், மேடையில் பாடினார், சுதந்திரப் போராட்டத்தில் சிறையும் சென்றார். நேரம் இல்லை என்று சொல்ல அவரைவிட அதிக நியாயம் யாருக்கு இருந்திருக்கும்?

தில்லிக்காரர்கள்

இனி நம் ஊருக்கு வருவோம். 1965-ல் கஸ்தூரிரங்கன் தில்லியிலிருந்து 'கணையாழி' என்ற மாத இதழைத் தொடங்கினார். காவிரிக் கரையும் தாமிரபரணிக் கரையும் ஆயிரத்து ஐந்நூறு மைலுக்கு அப்பால் இருக்க, யமுனைக் கரையில் ஒரு தமிழ் இலக்கிய இதழ்! அதைச் சுற்றி இருந்தவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல் உத்தியோகம் பார்த்தவர்கள்.

தி. ஜானகிராமன் (1921-1982) பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, பிறகு வானொலியில் கல்வி ஒலிபரப்புப் பிரிவுக்கு வந்து, தில்லியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 'மோகமுள்' எழுதிய அதே கைதான் பள்ளிக்கூட நிகழ்ச்சிக்கான கோப்புகளிலும் கையெழுத்திட்டது. 'சக்தி வைத்தியம்' தொகுதிக்கு 1979-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது.

இந்திரா பார்த்தசாரதி தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். வைணவம் அவருடைய ஆராய்ச்சித் துறை. அவரே கீழ்வெண்மணிக் கொடுமையை வைத்துக் 'குருதிப்புனல்' எழுதினார். 1977-ல் சாகித்திய அகாதெமி பரிசு. அவரே 'இராமானுஜர்' நாடகமும் எழுதினார். அதற்கு சரஸ்வதி சம்மான் விருது.

ஆதவன் (1942-1987) கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவர். சில காலம் ரயில்வேயில் வேலை பார்த்தவர் என்பதால் எனக்கு அவரிடம் தனி ஒட்டுதல். பிறகு நேஷனல் புக் டிரஸ்டில் தமிழ்ப் பிரிவில் இருந்தார். தில்லியில் ஆபீஸ் போய் வரும் நடுத்தர வர்க்கத்துத் தமிழனின் மனசை அவர்போல் எழுதியவர் இல்லை. 'காகித மலர்கள்' படித்தவர்களுக்குத் தெரியும். நாற்பத்தைந்து வயதில் சிருங்கேரியில் துங்கா நதியில் மூழ்கி இறந்தார். 'முதலில் இரவு வரும்' தொகுதிக்குச் சாகித்திய அகாதெமி பரிசு அவர் மறைவுக்குப் பின் வந்தது.

சுஜாதாவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்தில் பாட்டி வளர்த்த எஸ். ரங்கராஜன் (1935-2008), விமானப் போக்குவரத்துத் துறையில் சேர்ந்து தில்லியில் பணியாற்றியவர். கணையாழியில் 'ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.' என்ற பெயரில் 'கடைசிப் பக்கம்' எழுதினார். அன்றாடம் கண்டது, கேட்டது, படித்தது எல்லாம் அந்த ஒரு பக்கத்தில் அடங்கும். பிறகு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துக்குப் போனார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய பணியில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. 1998 நவம்பரில் சட்டமன்றத் தேர்தலின்போது தில்லியின் ஆறு தொகுதிகளில் அந்த இயந்திரத்தைப் பரீட்சார்த்தமாக வைத்தார்கள். அன்று அதன் பொத்தானை அழுத்திய தில்லிவாசிகளில் எத்தனை பேருக்கு, அதற்குப் பின்னால் 'நைலான் கயிறு' எழுதியவர் இருக்கிறார் என்று தெரிந்திருக்கும்! அந்த மனிதரே ஆழ்வார்களைப் பற்றி எளிய அறிமுக நூல் எழுதினார். தம் சகோதரரோடு சேர்ந்து பிரம்ம சூத்திரத்துக்கும் அறிமுகம் எழுதினார்.

நேரம் எப்படிக் கிடைக்கிறது?

இவர்களுக்கெல்லாம் நாளுக்கு இருபத்தைந்து மணி நேரமா? இல்லை. இங்கே என் தொழிலிலிருந்து ஒன்று சொன்னால் விஷயம் தெளிவாகும். நான் டிப்ளமா படித்துவிட்டுத் தண்டவாளப் பராமரிப்பில் வேலை பார்த்தவன்.

ஒரு பழைய ரெயிலைக் கழற்றிப் புதியது போட வேண்டும். அதற்காகப் போக்குவரத்து ஓயட்டும் என்று காத்திருந்தால் எந்தக் காலத்திலும் வேலை நடக்காது. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே இரண்டு வண்டிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்து, கண்ட்ரோல் அலுவலகத்தில் கேட்டு, இரண்டு மணி நேரம் வாங்குவோம். இதற்குப் பெயர் 'பிளாக்'. அந்த நேரத்தில் அந்தப் பாதையில் வண்டி வராது.

இதில் மூன்று விதிகள் உண்டு. முதலாவது, பிளாக் தானாக வராது; முன்கூட்டியே கேட்க வேண்டும். இரண்டாவது, பிளாக் கிடைத்த பிறகு ஸ்பானர் எங்கே என்று தேடக் கூடாது. புது ரெயில் பாதையோரம் வந்து கிடக்க வேண்டும்; பழைய போல்ட்டுகளுக்கு முன்னதாகவே எண்ணெய் விட்டிருக்க வேண்டும்; யார் எங்கே நிற்பது என்று கேங்குக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது, சொன்ன நேரத்துக்குப் பாதையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் நிற்கும். அடுத்த முறை கேட்டால் பிளாக் கிடைக்காது.

எழுத்துக்கும் இதே கணக்குத்தான். மிச்சம் விழும் நேரத்தில் எழுதலாம் என்றால் மிச்சம் விழாது. காலை ஐந்தரை முதல் ஆறரை வரை என்று வீட்டாரிடம் சொல்லி, கேட்டு வாங்க வேண்டும். என்ன எழுதப் போகிறோம் என்பதை மெட்ரோவில் நிற்கும்போதும் பால் வாங்கப் போகும்போதும் மனதில் அடுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஆறரை அடித்ததும், வாக்கியம் பாதியில் நின்றாலும் சரி, பேனாவை மூடிவிட்டுக் குக்கர் வைக்கவோ குழந்தையை எழுப்பவோ போக வேண்டும். சொன்ன நேரத்துக்கு எழுந்து வருகிறவருக்கு அடுத்த நாள் அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்க வீட்டில் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது.

இன்னொன்று. புதிதாக வேலை நடந்த பாதையில் முதல் வண்டியை மெதுவாகத்தான் விடுவோம். பிறகு பாதை இறுக இறுக வேகம் கூட்டுவோம். முதல் பிரதி தள்ளாடினால் மனம் சோரக் கூடாது. நாளுக்கு ஒரு பக்கம் என்றால், நோய் நொடி, கல்யாணம் கார்த்திகைக்கு அறுபது நாள் கழித்தாலும் ஆண்டுக்கு முந்நூறு பக்கம். இது ஒரு நாவல். கூட்டல் தெரிந்த யாரும் போட்டுப் பார்க்கலாம்.

பக்தி குறுக்கே நிற்குமா?

சிலருக்கு வேறு தயக்கம். "தினமும் விளக்கேற்றுகிற நான், குடிகாரனையும் சோரம் போனவளையும் வைத்துக் கதை எழுதலாமா?"

லா.ச. ராமாமிருதத்தை (1916-2007) எடுத்துக்கொள்ளுங்கள். லால்குடிக்காரர், பஞ்சாப் நேஷனல் வங்கியில் முப்பது ஆண்டு உத்தியோகம், பெரிய குடும்பம். தேவி வழிபாட்டில் ஊறியவர். அவருடைய 'அபிதா' நாவலின் நாயகி பெயர், திருவண்ணாமலை அம்பாள் அபிதகுசாம்பாளின் பெயரிலிருந்து வந்தது. ஆனால் அந்த நாவல் ஸ்தல புராணம் அல்ல. நடுவயது கடந்த ஒருவன் தன் பழைய காதலியின் மகளிடம் அந்தக் காதலியையே தேடுகிற தடுமாற்றம்தான் கதை. தெய்வத்தின் பெயரைச் சூட்டிவிட்டு மனிதனின் பலவீனத்தை மூடி மறைக்காமல் எழுதினார்.

ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' 1966-ல் வெளிவந்தபோது பலர் முகம் சுளித்தார்கள். தான் செய்த பிழைக்குப் பரிகாரமாக மகனை வேதபாடசாலைக்கு அனுப்பும் தாயின் கதை அது. வைதிக வாழ்க்கையை உள்ளிருந்து அறியாத ஒருவரால் அதை எழுதியிருக்க முடியாது. அந்தப் பாடசாலையை அவர் கேலி செய்யவில்லை. அந்தத் தாயையும் தூற்றவில்லை.

தோப்பில் முகம்மது மீரான் (1944-2019) வியாபாரம் செய்து பிழைத்தவர். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் தம் சமுதாயத்து முதலாளியின் கொடுமையையும், பள்ளிக்கூடம் வருவதை எதிர்த்த அறியாமையையும் எழுதினார். தம் மக்கள்மேல் அக்கறை உள்ளவர் எழுதிய கண்டனம் அது. 'சாய்வு நாற்காலி'க்கு 1997-ல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது.

இவர்கள் யாரும் பக்தியைக் கதையில் பிரசாரம் செய்யவில்லை; கதைக்காகப் பக்தியை விற்கவும் இல்லை. நம்பிக்கை உள்ளவனும் வழுக்கி விழுகிறான், விழுந்தவனிடமும் ஏதோ ஒரு வெளிச்சம் மிஞ்சுகிறது என்பதைப் பார்த்தார்கள். இதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையைத் தினசரி வழிபாடு பழக்கித் தரும் என்பது என் எண்ணம்.

ரயில்வேயில் கீமேன் என்று ஒருவர் உண்டு. தினமும் காலையில் தன் எல்லைக்குட்பட்ட சில கிலோமீட்டரை நடந்தே பார்ப்பார். தளர்ந்த சாவியைத் தட்டி இறுக்குவார். விரிசல் கண்டால் உடனே வண்டியை நிறுத்தவும் செய்வார். பெரிய வேலை எதுவும் அவர் செய்வதாகத் தோன்றாது. ஆனால் அவர் நடக்காத பாதையை நம்பி வண்டி விட முடியாது. சந்தியாவந்தனமோ, கந்த சஷ்டிக் கவசமோ, ஜெபமாலையோ, தொழுகையோ, தினமும் செய்யும் வழிபாடு மனசுக்குக் கீமேன் வேலை. எழுத உட்காருவதற்கு முந்தைய பத்து நிமிடம் அதற்குப் போனால் நஷ்டமில்லை.

கொடி பிடித்தவர்கள்

பிளாக்கில் வேலை நடக்கும்போது ஃபோட்டோவில் விழுபவர்கள் தண்டவாளம் தூக்கும் கேங்மேன்கள். ஆனால் அகலப் பாதையில் அறுநூறு மீட்டர் தள்ளிக் குறுக்கே சிவப்புப் பதாகை கட்டியிருக்கும். ஆயிரத்து இருநூறு மீட்டர் தள்ளித் தண்டவாளத்தின்மேல் வெடி வைத்துவிட்டுக் கொடியோடு ஒருவர் வெயிலில் நிற்பார். அவர் அங்கே நிற்கிறார் என்ற தைரியத்தில்தான் இங்கே வேலை நடக்கிறது.

ஒருவர் எழுதுகிற வீட்டிலும் அப்படி ஒருவர் நிற்கிறார். பெரும்பாலும் மனைவி. காலிங்பெல் அடித்தால் ஓடுபவர், மாமனாருக்கு மாத்திரை கொடுப்பவர், "அவர் எழுதிண்டிருக்கார், அப்புறம் வாங்கோ" என்று வாசலில் சொல்பவர். ரங்கராஜன் தம் மனைவியின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டார். அந்த வகையில் ஒரு பெயராவது அட்டையில் ஏறியது. மற்ற வீடுகளில் அதுவும் இல்லை. அட்டையில் பெயர் ஏறுவது மட்டும் போதவும் போதாது.

ஆகையால் குடும்பத் தலைவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்களுக்கு ஒரு மணி நேரம் வேண்டுமானால் வீட்டுக்காரிக்கும் ஒரு மணி நேரம் கொடுங்கள். அந்த நேரத்தில் அவர் எழுதட்டும், பாடட்டும், திருப்பாவை வகுப்புக்குப் போகட்டும், சும்மா இருக்கட்டும். அப்போது கொடி பிடித்து நிற்பது உங்கள் முறை. கோதைநாயகி அம்மாளுக்கு அவருடைய கணவர் துணை நின்றார் என்பதை மறக்க வேண்டாம். பக்தி, எழுத்து, குடும்பம் மூன்றில் குடும்பத்துக்குத்தான் வாய்விட்டுக் கேட்கும் பழக்கம் குறைவு. அதனால்தான் அதன் பாக்கி கண்ணுக்குத் தெரியாமல் ஏறிக்கொண்டே போகிறது.

யாருக்காக எழுதுவது?

"நான் என்ன ஜானகிராமனா? நான் எழுதினால் யார் படிப்பார்கள்?" இது கடைசித் தடை. இதற்கும் பதில் உண்டு.

நௌரோஜி நகர், நேதாஜி நகர், சரோஜினி நகர் பழைய சர்க்கார் குவார்ட்டர்ஸ்களை நினைத்துப் பாருங்கள். புதுக் கட்டடங்களுக்காக அவை வரிசை வரிசையாக இடிக்கப்பட்டுவிட்டன. கோடை இரவில் வெளியே கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்தது, குளிர்காலத்தில் மாடி வெயிலில் வடகம் காயவைத்தது, பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மாமி நம் ரசத்தைக் குடித்துப் பார்த்துக் கேட்ட கேள்வி, டி.டி.சி. பஸ்ஸில் தமிழ்க் குரல் கேட்டுத் திரும்பியது, 1984 நவம்பரில் சர்தார்ஜி குடும்பங்களை எண்ணித் தூங்காமல் கிடந்த இரவுகள். இவற்றை எந்த அரசாங்கக் கோப்பும் வைத்திருக்காது. கணையாழிக்காரர்கள் தங்கள் காலத்துத் தில்லியை எழுதிவிட்டுப் போனார்கள். நம் காலத்துத் தில்லியை நாம் எழுதாவிட்டால், இங்கே மூன்று தலைமுறை தமிழர் வாழ்ந்தார்கள் என்பதற்கு ரேஷன் கார்டுதான் சாட்சியாக மிஞ்சும்.

பேரப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராதே என்ற கவலை நியாயமானது. மீரான் பள்ளியில் படித்தது மலையாளம். கோதைநாயகி அம்மாள் முதலில் வாயால்தான் சொன்னார். இருவருமே தமிழுக்குப் பெரிய கொடை. எழுத்து பிந்தி வரலாம். கதை முந்தி வர வேண்டும். பிள்ளைகள் தமிழில் சொல்லட்டும், தாத்தா எழுதட்டும். பாட்டி சொல்லட்டும், பேத்தி செல்போனில் பதிவு செய்யட்டும். பிறகு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். தன் பெயர் வருகிற கதை என்றால் பிள்ளைகள் எந்த எழுத்தையும் கற்றுக்கொள்வார்கள்.

தொடங்க ஆசைப்படுபவர்கள் பெரிய நாவலில் கை வைக்க வேண்டாம். முதலில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். உங்கள் குடும்பத்தில் முதன்முதலாகத் தில்லிக்கு ரயிலேறியவர் யார், எந்த ஆண்டு, கையில் என்ன கொண்டுவந்தார், எந்த வீட்டில் முதலில் தங்கினார், எந்தக் கோயிலில் முதலில் கும்பிட்டார் என்று எழுதுங்கள். தெரியாததை ஊரில் இருக்கும் அத்தையிடமோ சித்தப்பாவிடமோ போனில் கேளுங்கள். அவர்களும் எழுபது எண்பதைத் தாண்டியவர்கள். இந்த வாரமே கேட்டுவிடுவது நல்லது.